குளத்துத் தாராவின் கூடும் கமக்காரரின் விதையும்

மாரிமழை பெய்து குளம் நிறைந்தபின், பொழுது சாயும் வேளையிற் குளக்கட்டின்மேல் நிற்பவரின் காதில் மெல்லிய சீழ்க்கை ஒலி விழும். நிமிர்ந்து நோக்கினால் மண்ணிறப் பறவைகள் சிறு கூட்டங்களாக வயல்வெளியை நாடிப் பறப்பது தெரியும். அவை மரத்தாராக்கள். பகற்பொழுதைக் குளத்திற் கழித்து, இரவில் இரைதேடுவது அவற்றின் வழக்கம். அன்று மாலை தம் வயலிற் முளைநெல் வீசிவிட்டு வந்த கமக்காரருக்கு அவ்வொலி இனிமையாகக் கேட்பதில்லை. ஏக்கருக்கு 2 புசல் வீதம் வீசிய விதைநெல்லின் ஒரு பகுதி விடியுமுன் தாராவின் வயிற்றுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் அவருக்கு உண்டு.

அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், அதன் காரணமாகச் சிலர் குளத்துக்குட் சென்று கூடுகளைக் கலைப்பதும், முட்டைகளை எடுப்பதும், நெல்லில் நஞ்சைக் கலந்து தூவுவதும் பயன் தராத செயல்களாகும். அவற்றாற் பறவை அழியும், விதை காக்கப்படமாட்டாது. விதைக்கு ஆபத்து நேரும் காலம் குறுகியது. கூட்டிற்கு அமைதி தேவைப்படும் காலமும் குறுகியது. விதைக்கு இருவாரக் காவலும், கூட்டிற்கு நால்வாரப் பொறுமையும் போதியன. இவ்விரண்டு கணக்கையும் அறிந்த கமக்காரர் தம் விளைச்சலையும் காக்கலாம். குளத்துப் பறவைகளையும் வாழவிடலாம்.

குளத்திற் கூடு கட்டும் பறவைகள்

வரண்ட பிரதேசத்துக் குளங்களின் அலைகரையிலும், கோரை, சம்புப் புதர்களிலும், ஆம்பல் படர்ந்த நீர்ப்பரப்பிலும் பலவகைப் பறவைகள் கூடு கட்டுகின்றன. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிதல் அவசியம். எல்லாம் பயிருக்குத் தீங்கு செய்வன அல்ல.

மரத்தாரா மரப்பொந்திலும், கொக்குகள் கைவிட்ட பழைய கூட்டிலும், நீரோரப் புல்லின் நடுவே நிலத்திலும் முட்டையிடும். ஒரு கூட்டில் 7 முதல் 12 வரையான வெண்ணிற முட்டைகள் இருக்கும். ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும். நெல்லைத் தின்னுவது உண்மையெனினும், நீர்ப்பூண்டுகளின் விதைகளையும், நத்தைகளையும், நீர்ப்பூச்சிகளையும் இப்பறவை உண்ணும்.

இலைக்கோழி என்பது நீண்ட விரல்களை ஊன்றித் தாமரை இலைமேல் நடந்து செல்லும் பறவை. ஆம்பல், தாமரை முதலியவற்றின் மிதக்கும் இலைகள்மேல் இது 4 முட்டைகள் இடும். முட்டையிட்ட பெண்பறவை வேறோர் ஆணை நாடிச் சென்றுவிடும். அடைகாத்தலும் குஞ்சு வளர்த்தலும் ஆணின் பொறுப்பு. ஆதலின் கூட்டில் ஒரேயொரு பறவை இருப்பதைக் கண்டு, மற்றது இறந்துவிட்டதென எண்ணலாகாது. இது பயிருக்குத் தீங்கு செய்யாது.

முக்குளிப்பான் நீர்ப்பாசிகளைக் குவித்து மிதக்கும் கூடு அமைக்கும். கூட்டைவிட்டு நீங்கும்போது ஈரமான பாசியால் முட்டைகளை மூடிவிட்டுச் செல்லும். நீரில் மிதக்கும் அழுகற் குவியல் எனக் கருதி இக்கூட்டைக் கோலால் இழுத்துக் கரையேற்றிவிடுவோர் பலர். பாசி அகற்றும்போது இதனைக் கவனித்தல் வேண்டும்.

நீலத் தாழைக்கோழி சம்புப் புதரிற் கூடு கட்டும். இது நெற்பயிரின் தண்டை ஒடித்து உண்பதால், குளத்தை அடுத்த வயல்களுக்கு நட்டம் விளைவிக்கக்கூடியது. கானாங்கோழியோ வயல்வரம்பின் புதரிலும் முட்டையிடும். வரம்பு செதுக்குவோர் அதன் கூட்டை அடிக்கடி காண்பர்.

கூட்டின் கணக்கு

கானாங்கோழி ஏறத்தாழ 19 நாட்களும், முக்குளிப்பான் 20 நாட்களும், மரத்தாரா 22 முதல் 24 நாட்களும், நீலத் தாழைக்கோழி 23 முதல் 27 நாட்களும், இலைக்கோழி 26 முதல் 28 நாட்களும் அடைகாக்கும். எனவே, முட்டை நிறைந்த எந்தக் கூடாயினும் நான்கு வாரத்துக்குள் குஞ்சு பொரித்துவிடும்.

தாரா இனத்தின் வழக்கமொன்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று. தாரா நாளுக்கு ஒரு முட்டையாக இட்டு, கடைசி முட்டை இட்டபின்னரே தொடர்ந்து அடையிருக்கும். முட்டைகள் யாவும் ஏறத்தாழ ஒரே காலத்திற் பொரிப்பதற்கு இதுவே காரணம். ஆகவே, மூன்று நான்கு முட்டைகள் மாத்திரம் உள்ள கூட்டிற் பறவை இல்லாவிடின், அது கைவிடப்பட்ட கூடு என்று முடிவு செய்தல் தவறு. முட்டையிடுதல் இன்னும் முடியவில்லை என்பதே அதன் பொருள்.

கூட்டைக் கண்டவர் செய்ய வேண்டியவை

முதலாவது, வந்த வழியே மெதுவாகத் திரும்புதல் வேண்டும். நண்பகல் வெயிலிற் பறவையை எழுப்பிவிட்டால், நிழலின்றிக் கிடக்கும் முட்டையினுள் வளரும் கரு சூட்டினால் இறந்துவிடும். தாய்ப்பறவை முட்டையின்மேல் இருப்பது சூடு கொடுப்பதற்கு மாத்திரமன்று, வெயிலை மறைப்பதற்காகவுமாம்.

இரண்டாவது, கூட்டிற்குப் பாதை உண்டாக்கலாகாது. புல்லை விலக்கிப் பலமுறை சென்று பார்ப்பவரின் காலடித் தடத்தைப் பற்றிக் கீரியும் உடும்பும் கூட்டை அடையும். மனிதர் குனிந்து பார்க்கும் இடத்தைக் காகம் மரத்திலிருந்து நோக்கிக்கொண்டிருக்கும். கூட்டின் நலத்தை அறிய விரும்புவோர் தூரத்திலிருந்தே பார்ப்பாராக.

மூன்றாவது, இடத்தை அடையாளம் செய்தல் வேண்டும். கூட்டின் அருகே கம்பு நாட்டுவது தவறு. கூட்டிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி ஒரு தடியை ஊன்றி, அதிற் கந்தைத் துணியொன்றைக் கட்டிவிட்டால், உழவு இயந்திரம் செலுத்துபவரும், புல் வெட்டுபவரும், மாடு மேய்ப்பவரும் விலகிச் செல்வர். கண்ட நாளையும் குறித்துக்கொள்ளுதல் நன்று. அந்நாளிலிருந்து நான்கு வாரம் கழிந்தபின் அங்கே வேலையைத் தொடங்கலாம். கண்டபோது முட்டை ஒன்றிரண்டே இருந்திருப்பின், மேலும் பத்து நாட்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, முட்டையை எடுத்து வீட்டுக் கோழியின்கீழ் வைத்துப் பொரிக்கச் செய்யும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கோழி நிலத்துப் பறவை. நீரில் இரைதேடவும், பருந்தைக் கண்டு பதுங்கவும் தாராக்குஞ்சுக்கு அதனாற் கற்பிக்க இயலாது. அன்றியும், இச்செயல் சட்டத்துக்கு மாறானது.

வாய்க்காலில் அமைந்த கூடு

வேலையும் கூடும் ஒரே இடத்தில் மோதும் நிலையும் ஏற்படும். சிறுபோகத்துக்கு நீர் திறப்பதற்குப் பத்து நாட்கள் இருக்கையில், துருசிலிருந்து இறங்கும் வாய்க்காலைத் துப்புரவாக்கக் கமக்காரர் கூடுகின்றனர் எனக் கொள்ளலாம். வாய்க்காலின் ஓரத்துக் கோரையை வெட்டும்போது மரத்தாரா ஒன்று எழுந்து பறக்கின்றது. அவ்விடத்தில் ஒன்பது முட்டைகள் உள்ளன. ஒருவர் முட்டைகளை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். மற்றவர் வாய்க்கால் வேலையையே ஒத்திவைக்க வேண்டும் என்கிறார்.

இரண்டும் தேவையில்லை. வாய்க்காலின் எஞ்சிய பகுதி முழுவதையும் அன்றே துப்புரவாக்கலாம். கூட்டைச் சூழப் பத்தடி அளவான கோரையை மாத்திரம் வெட்டாது விட வேண்டும். அப்பறவை பெரும்பாலும் அன்றைக்கே திரும்பிவரும். ஓரத்திற் கோரை நிற்பதால் நீரோட்டம் சிறிது தடைப்படுமேயன்றி நின்றுவிடாது. கூடு நீர்மட்டத்துக்கு மேலே இருப்பின் நீர் திறப்பதாலும் தீங்கில்லை. பத்து நாட்களுக்குள் குஞ்சுகள் பொரித்துப் போய்விடின் எஞ்சிய புல்லையும் வெட்டிவிடலாம்.

கூடு வாய்க்காலின் அடித்தளத்திலே அமைந்து, நீர் வந்தால் மூழ்கிவிடும் என்ற நிலை இருப்பின், முட்டைகளைத் தாமாக இடம் மாற்ற முயலாது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். நீரை நம்பி நாற்று நிற்கும்போது நீரை நிறுத்திவைக்கும்படி எந்தக் கமக்காரரையும் கேட்க இயலாது. ஆனால், பத்து நாட்களுக்கு முன்னரே அறிவித்தால் வழி காண்பதற்குக் காலம் உண்டு. நீர் திறக்கும் காலையில் அறிவித்தாற் காலம் இல்லை. வாய்க்கால் வேலையை முற்கூட்டியே தொடங்குவதன் நன்மைகளுள் இதுவும் ஒன்று.

நெல் அறுவடையின்போதும் இம்முறையையே கைக்கொள்ளலாம். அறுவடை இயந்திரத்தை இறக்குமுன், குளத்தை அடுத்த வயலோரங்களை ஒருவர் நடந்து பார்த்தல் வேண்டும். கூடிருப்பின் அதனைச் சூழச் சிறு பாத்தியளவு பயிரை நிற்கவிட்டு, குஞ்சு பொரித்தபின் அரிவாளால் அரியலாம். நான்கைந்து பிடி நெல்லே இதனாற் பிந்தும்.

விதைக்குக் காவல்

முளைநெல் வீசிய நாளிலிருந்து நாற்று வேரூன்றி உறுதிபெறும்வரை ஏறத்தாழ இரண்டு வாரமே தாராவினால் விதைக்கு ஆபத்து மிகுதி. அக்காலத்தில் வயலைக் காப்பதற்குப் பின்வரும் முறைகள் உதவும்.

தாரா நீர் தேங்கிய இடத்திலேயே விரும்பி இறங்கும். வயலை நன்கு மட்டப்படுத்தி, சேற்றில் ஆழமற்ற வடிகாற் சால்களை இழுத்து, விதைத்த பின் நீரை முற்றாக வடியவிட்டால், இரவில் மின்னும் நீர்க்குட்டைகள் இரா. குழியும் மேடுமான வயலிற் குழிகளிலுள்ள விதை ஒருபுறம் அழுகும். மறுபுறம் தாராவுக்கு இரையாகும். மட்டப்படுத்துதல் இவ்விரு நட்டத்தையும் ஒருங்கே தடுக்கும்.

ஒரே வயற்பரப்பைச் சேர்ந்தோர் யாவரும் ஓரிரு நாட்களுக்குள் விதைத்து முடித்தல் இரண்டாவது முறை. ஒருவர் மாத்திரம் முந்தியோ பிந்தியோ விதைத்தாற் குளத்துத் தாராக்கள் யாவும் அவர் வயலிலேயே இறங்கும். எல்லோரும் சேர்ந்து விதைத்தாற் சேதம் பரந்து குறையும். காவலையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளலாம்.

குளத்துக்கு மிக அண்மையிலுள்ள வயல்களில் விதைப்புக்குப் பதிலாக நாற்று நடுதல் மூன்றாவது முறை. வேரூன்றிய நாற்றை விதையைப்போலத் தாராவினாற் பொறுக்கியெடுக்க இயலாது. நாற்றுமேடை சிறியதாதலின் அதனைக் காப்பதும் எளிது.

நான்காவது முறை, விரட்டுதல். தகர ஒலியும், கைவிளக்கும், காற்றில் அதிரும் நாடாவும் பயன்படும். ஆனால், ஒரே பொம்மை ஒரே இடத்தில் ஒரு வாரம் நின்றால் தாரா அதன்மேலேயே அமரும். ஆதலின் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இடத்தையும் வகையையும் மாற்றுதல் வேண்டும். எப்போதும் வயலிலேயே விரட்டுதல் வேண்டும், குளத்தில் விரட்டலாகாது. குளத்தில் வெடி கொளுத்தினால் அடையிருக்கும் பறவைகள் யாவும் எழுந்துவிடும். பயிருக்குத் தீங்கு செய்யாத இலைக்கோழியும் முக்குளிப்பானும் தம் முட்டைகளை இழக்கும். தாராவோ சிறிது நேரத்தில் திரும்பிவரும்.

நீலத் தாழைக்கோழியின் தொல்லை விதைப்போடு முடிவதில்லை. அது சம்புப் புதரை விட்டு வெகுதூரம் வெளியே வர அஞ்சும். ஆகவே, கூடு கட்டும் காலம் முடிந்தபின், புதருக்கும் வயலுக்கும் இடையே அகன்றவொரு வெளியை வெட்டித் துப்புரவாக வைத்திருத்தல் பயன் தரும். அலைகரையிலே தோட்டம் செய்வோரும் மிளகாய், கத்தரி நாற்றுமேடைகளை அவ்வெளிக்கு அப்பால் அமைத்தல் நன்று. நாற்றுமேடைக்கு வலை கட்டுவதாயின் இழுத்து இறுகக் கட்டுதல் வேண்டும். தொய்ந்த வலையிற் குஞ்சுகள் சிக்கி இறக்கும்.

நஞ்சு தூவலாகாது

பீடைநாசினி கலந்த நெல்லை வயலோரத்திலே தூவுவோர் அதன் விளைவை முற்றாக எண்ணிப் பார்ப்பதில்லை. நஞ்சு தின்ற தாரா அவ்விடத்திலேயே விழுவதில்லை. அது குளத்துக்குப் பறந்து சென்று, ஊரார் குளிக்கும் நீரில் இறக்கும். அதனைத் தின்ற நாயும் நரியும் பருந்தும் இறக்கும். நஞ்சுண்டதென அறியாது அதனை எடுத்துச் சமைப்பவருக்கும் உயிராபத்து உண்டு. தம் அயலவரின் பிள்ளைக்கு இவ்வாறு நேரின், காப்பாற்றிய விதைநெல் அதற்கு ஈடாகுமா என்பதை ஒவ்வொருவரும் சிந்தித்தல் வேண்டும்.

தெளிகருவியைக் குளத்திலே கழுவுவதும், வெறும் மருந்துப் போத்தல்களைக் குளக்கரையில் எறிவதும் இத்தகைய தீங்கையே விளைவிக்கும். பல பறவைகள் ஒருங்கே இறந்து கிடப்பதைக் கண்டால் அவற்றைக் கையாலே தொடாது, அரச மிருக வைத்தியருக்கும் வனசீவராசிகள் உத்தியோகத்தருக்கும் அறிவித்தல் வேண்டும்.

குஞ்சுகளைக் கண்டால்

தாராக்குஞ்சு பொரித்துச் சிறிது காலத்துக்குள் கூட்டைவிட்டு நீங்கிவிடும். மரப்பொந்திற் பொரித்தவை நிலத்திலே குதித்துப் பெற்றோரைப் பின்தொடர்ந்து நீருக்கு நடக்கும். அவ்வாறு வரிசையாகக் குஞ்சுகள் வரம்பையோ வண்டிப்பாதையையோ கடப்பதைக் கண்டால், உழவு இயந்திரத்தை நிறுத்திச் சற்றுப் பொறுப்பதே போதும். கையாலே பிடித்துக் குளத்தில் விட முயன்றால் அவை நாற்புறமும் சிதறும். பெற்றோர் அவற்றைச் சேர்த்தெடுப்பது அரிதாகும்.

தனித்துக் கத்தும் குஞ்சு அனாதை என்று எண்ணி வீட்டுக்குக் கொண்டுபோகலாகாது. மனிதர் விலகியதும் பெற்றோர் வருவதே வழக்கம். நாயை அப்புறப்படுத்தித் தூரத்தில் மறைந்து நின்று பார்த்தல் வேண்டும். சோறும் பாணும் இடுதல் வேண்டாம்; குஞ்சுக்கு வேண்டிய இரை குளத்திலேயே உண்டு.

சீமெந்துக் கட்டுடைய வாய்க்காலும், சுற்றுச்சுவரற்ற விவசாயக் கிணறும் குஞ்சுகளுக்குப் பொறியாகும். அவை உள்ளே விழுந்தால் வழுக்கும் சுவரில் ஏற இயலாது. வாய்க்காலினுள்ளே சரிவாக ஒரு பலகையையோ கிளையுள்ள தடியையோ சார்த்திவைத்தாற் குஞ்சுகள் ஏறிச் செல்லும். கிணற்றுக்குக் கட்டு எழுப்புதல் குஞ்சுக்கு மாத்திரமன்றி, வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பாகும்.

வலை, நாய், நெருப்பு

குளத்தில் மீன்பிடிப்போர் கோரைப் புதரை ஒட்டி வலை விரித்தலைத் தவிர்த்தல் வேண்டும். நீரிற் கண்ணுக்குத் தெரியாத தங்கூசி வலையில் முக்குளிப்பான் சிக்கினால் மூச்சு முட்டி இறக்கும். கைவிட்ட பழைய வலைத்துண்டுகளை நீரில் விடாது கரையேற்றிப் புதைத்துவிட வேண்டும்.

வயற்காவலுக்கு வரும் நாயைக் கூடு கட்டும் காலத்திலே கட்டிவைத்தல் வேண்டும். எருமைகள் நீரில் இறங்குவதற்குக் குளத்தின் ஒரு பக்கத்தைக் குறித்து ஒதுக்கினால் மறுபக்கத்துப் புதர் மிதிபடாது இருக்கும். வரட்சிக்காலத்திற் சம்புப் புதருக்குத் தீ வைக்கும் வழக்கத்தை அறவே நீக்குதல் நன்று. அகற்ற வேண்டிய புதரைப் பகுதி பகுதியாக வெட்டுதலே தக்கது. சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் குளத்துக்குப் பகையான களைகளாதலின், அவற்றை அகற்றுவதில் தயக்கம் வேண்டாம். அவற்றை வாரும்போது ஆம்பலையும் சேர்த்து வாராதிருத்தலே கவனிக்க வேண்டியது. நீரோரத்திற் பொந்து விழுந்து நிற்கும் முதிய மருத மரத்தை விறகுக்கெனத் தறித்தலும் ஆகாது.

கமக்காரர் அமைப்பின் பொறுப்பு

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நாட்டின் காட்டுப்பறவைகளிற் பெரும்பாலானவற்றுக்கும், அவற்றின் முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. எனினும், சட்டத்தைவிடக் குளத்தைத் தினமும் பார்க்கும் கமக்காரரின் கண்ணே சிறந்த காவலாகும். வரண்ட பிரதேசத்தின் தொடர்குளங்களையும் அவற்றைச் சார்ந்த கிராமங்களையும் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. அம்மரபிற் குளம் வயலுக்கு நீர் தரும் தொட்டி மாத்திரமன்று. மீனும், மாடும், மரமும், பறவையும் பங்குகொள்ளும் பொதுச்சொத்தாகும்.

ஆகவே, போகத்தின் தொடக்கத்திலே நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாளையும் விதைக்கும் நாளையும் தீர்மானிக்கும்போது, வாய்க்கால் துப்புரவு, புதர் வெட்டு, பாசி அகற்றல் ஆகியவற்றின் நாட்களையும் சேர்த்தே தீர்மானித்தல் வேண்டும். வேலை தொடங்குமுன் அவ்விடத்தில் கூடு உண்டா என்று பார்க்க ஒருவரை நியமித்தல் வேண்டும். கூடிருப்பின் அப்பகுதியைக் கடைசியாகச் செய்ய வேண்டும். இதற்குப் பணச்செலவு இல்லை. வேலையின் ஒழுங்கை மாற்றுதலே தேவை. விதைக்காவலில் ஐயமுள்ளோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ நாடலாம்.

விதைத்து இருவாரம் வயலில் விழித்திருந்த கமக்காரர் அதன்பின் கவலையின்றி உறங்கலாம். நால்வாரம் தீண்டப்படாதிருந்த கூட்டிலிருந்து குஞ்சுகள் நீரில் இறங்கும். அறுவடை முடிந்த மாலையில், அதே குளக்கட்டின்மேல் நின்று அதே சீழ்க்கை ஒலியைக் கேட்கும்போது, அது அவருக்குப் பகைவனின் குரலாகத் தோன்றமாட்டாது.